சங்கரன்கோவில் வானத்தில் என் சேலை

"ஆடுதா?"

"ஆடுது!"

"இப்ப?"

"நல்லா ஆடுது!"

சனிக்கிழமை காலை ஏழு மணி. ஒரு குட்டி விமானத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலில் நின்று நான் கத்திக்கொண்டிருந்தேன். தெருவில் என் வீட்டுக்காரர், கையில் ஒரு அலுமினியப் பெட்டியோடு, பின்பக்கமாகவே நடந்து போய்க்கொண்டிருந்தார். பத்தடிக்கு ஒருமுறை நின்று பெட்டியில் இருக்கும் குச்சியை அசைப்பார். அங்கே குச்சி அசைந்தால் இங்கே என் கையில் இருக்கும் விமானத்தின் வால் ஆட வேண்டும். ஏரியலை நீட்டாமலே தெருக்கோடி வரை ஆடினால், நீட்டிய பிறகு வானத்தில் எவ்வளவு தூரம் போனாலும் ஆடும். பரீட்சை இவ்வளவுதான்.

எதிர்வீட்டு சண்முகத்தக்கா திருநீற்றுக் கிண்ணத்தோடு ஓடி வந்தாள்.

"யாருக்கு டீச்சர் ஆடுது? வேதக்கார வீட்டுலயும் சாமி ஆடுமா?"

"சாமி இல்லக்கா. வாலு."

அக்கா வாலைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். தெருக்கோடியில் பின்பக்கமாக நடந்து சாக்கடைக்குள் ஒரு காலை விட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரையும் பார்த்தாள்.

"அண்ணாச்சிக்குத்தான் ஆடுது போல" என்றாள். போகிற போக்கில் விமானத்தின் மூக்கில் ஒரு விரல் திருநீறும் இட்டாள். "எதுக்கும் இருக்கட்டும்."

நான் அழிக்கவில்லை. அன்றைக்கு அது பறந்தே ஆக வேண்டும். யார் ஆசீர்வாதம் தந்தாலும் வாங்கிக்கொள்ளும் நிலையில்தான் நாங்கள் இருந்தோம்.

கப்பலில் வந்த பெட்டி

போன வாரம் எங்கள் வீட்டு மாவரைக்கும் இயந்திரத்தின் கதையைப் படித்தவர்களுக்கு என் வீட்டுக்காரரைத் தெரிந்திருக்கும். புதிதாக வருபவர்களுக்காகச் சொல்லுகிறேன். பெயர் ஜெயராஜ். கடைத்தெருவில் விசைத்தறிக்கு உதிரி சாமான் விற்கிற கடை. பல்சக்கரம், நாடா, ஸ்பிரிங் எல்லாம் கிடைக்கும். எந்த எந்திரத்தையும் கழற்றிப் பார்க்காமல் அவருக்குச் சோறு இறங்காது. கழற்றியதைத் திரும்ப மாட்டியும் விடுவார். என்ன, ஒவ்வொரு தடவையும் ஒரு திருகாணி மிச்சம் இருக்கும். "கம்பெனிக்காரன் கூடுதலா ஒண்ணு வச்சிருக்கான்" என்பார். நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர்.

அவர் தம்பி டேனியல் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் லீவில் வந்தபோது எனக்கு ஒரு குடை, மாமியாருக்கு சோப்பு, அண்ணனுக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டி.

அதற்குள் இரண்டு குச்சியும் நீள ஏரியலும் வைத்த ஒரு பெட்டி. அது தரையில் நம் கையில் இருப்பது. விமானத்துக்குள் வைக்க ஒரு சின்னப் பெட்டி. அது சொல்லுவதைக் கேட்டு வாலை அசைக்கத் தீப்பெட்டி அளவில் இரண்டு மோட்டார்கள்; அவற்றுக்கு சர்வோ என்று பெயர். எலுமிச்சம்பழ அளவில் ஒரு எஞ்சின். ஒரு வரைபடம். அப்புறம் பால்சா என்று ஒரு மரம், ஒரு கட்டு. மரம் என்று சொன்னால்தான் மரம். தூக்கினால் முறுக்கு கூட அதைவிடக் கனம்.

"இதை ஒட்டி, சேர்த்து, பறக்க விடணும்ணே. உன்னாலதான் முடியும்" என்று சொல்லிவிட்டு டேனியல் கப்பலேறிப் போனான். அந்தக் கடைசி வாக்கியத்தை அவன் சொல்லியிருக்க வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து இவர் தம்பிக்கு ஒரு கடிதம் எழுதினார். எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். நான் டீச்சர் அல்லவா?

'விமானம் பறந்துவிட்டது. நன்றாக மேலே ஏறி, இரண்டு வட்டம் போட்டு, என் காலடியில் வந்து இறங்கியது.'

விமானம் அந்த நேரத்தில் சிறகில்லாமல் எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

"எழுத்துப்பிழை ஒண்ணும் இல்ல. மத்தபடி முழுக்கப் பிழை" என்றேன்.

"பறக்கத்தானே போவுது? ரெண்டு வாரம் முன்னாலயே எழுதிட்டேன், அவ்வளவுதான்."

பதில் சீக்கிரமே வந்தது. ஈஸ்டருக்கு லீவு கிடைத்திருக்கிறது, கூட வேலை பார்க்கும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன், மூன்று பேரும் கண்ணால் பார்க்க வேண்டும் என்று டேனியல் எழுதியிருந்தான். அதைப் படித்துவிட்டு இவர் இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தார்.

சிறகுக்குச் சேலை

சாப்பாட்டு மேசை போயிற்று. வரைபடத்தை அதன் மேல் குண்டூசி குத்தி விரித்தார். சவர பிளேடால் பால்சாவைக் கீறி, மீன் முள் மாதிரி ஒவ்வொன்றாக நிறுத்தி ஒட்டினார். பசை காயும் வரை யாரும் மேசையைத் தொடக்கூடாது, தும்மக்கூடாது. நாங்கள் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். ரசத்தில்கூட மரத்தூள் மிதந்தது.

எலும்புக்கூடு முடிந்ததும் மேலே போர்த்தத் துணி வேண்டும் என்றார். வரைபடத்தில் பட்டு என்று போட்டிருந்தது. அவர் பார்வை மெல்ல என் பீரோ பக்கம் போயிற்று.

"கல்யாணப் பட்டைத் தொட்டியள்னா, அதுலயே உங்களையும் சுத்திப் பறக்க விட்டுருவேன்."

"தொடல. சும்மா பாத்தேன்."

கடைசியில் என் நைலான் சேலையில் சமாதானம் ஆயிற்று. வெள்ளையில் வயலட் பூப் போட்டது. பாதி ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத்தான் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவேன். அதை நனைத்து, எலும்புக்கூட்டின் மேல் விரித்து, சுருக்கம் இல்லாமல் இழுத்து ஒட்டி, மேலே வார்னிஷ் மாதிரி ஒன்றைப் பூசினார். காயக் காய அது இறுகியது. விரலால் சுண்டினால் 'டம்' என்று சத்தம். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். உள்ளே அந்த முள்முள்ளான எலும்புகளும், மேலே என் வயலட் பூக்களும். அழகாக இருந்தது. அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த சேலையும் போய்விடும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் ஒரு அம்மா கேட்டார்கள்: "எஸ்தர், அந்த வயலட் பூச் சேலை எங்க, காணமே?"

"சிறகாயிட்டும்மா" என்றேன்.

"ஆமென்" என்றார்கள் அந்த அம்மா, உருக்கமாக.

வால் கனம்

எல்லாவற்றையும் மாட்டி முடித்த அன்று பெட்டியில் குச்சியை வலது பக்கம் தள்ளினார். வால் இடது பக்கம் திரும்பியது.

"மாத்தி ஆடுதே" என்றேன்.

"அது அப்பிடித்தான் இருக்கும். மேலே போனா சரியாயிரும்."

"மேலே போனா வலது இடதாயிருமா?"

கம்பியை சர்வோவின் மறுகையில் மாட்டினால் சரியாகிவிடும் என்று வரைபடத்திலேயே படம் போட்டிருந்தது. நான் விரலை வைத்துக் காட்டினேன். முனகிக்கொண்டே மாற்றினார்.

ஆனால் சமன் பார்க்கும் விஷயத்தில் நான் சொன்னதைக் கேட்கவே இல்லை. சிறகுக்கு அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரலை வைத்துத் தூக்கினால் விமானம் நேராக நிற்க வேண்டும், மூக்கு ஒரு நூல் கீழே இருந்தால் இன்னும் நல்லது. எங்கள் விமானத்துக்கு மூக்கு மேலே போய் வால் தொங்கியது.

"வால் கனமா இருக்கு."

"அது கம்பீரம்ட்டி. கழுகு எப்பிடி நிக்கும், பாத்திருக்கியா?"

மேலநீலிதநல்லூர் போகிற வழியில் வற்றிய குளம் ஒன்று உண்டு. மொபெட்டில் அவர் முன்னால், நான் பின்னால். ஐந்தடிச் சிறகை நான் குறுக்கே பிடித்திருந்ததால் எதிரே வந்த பஸ் ஒதுங்கி நின்று வழிவிட்டது. குளத்தில் போய்ச் சிறகை உடம்போடு சேர்த்துக் கட்டினோம். சைக்கிள் டியூபை வளையம் வளையமாக நறுக்கி அவர் செய்த ரப்பர் பட்டைகள்தான் கட்டுவதற்கு. எஞ்சினுக்கு ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சம பங்கு. ஈதர் தெரிந்த கம்பவுண்டரிடம் வாங்கியது. மூடியைத் திறந்தால் ஆஸ்பத்திரி வாசம். விசிறியை விரலால் சுண்டிச் சுண்டி, இருபதாவது சுண்டலில் அது திருப்பி இவர் விரலில் ஒரு அடி கொடுத்துவிட்டு, வீல் என்று கத்திக்கொண்டு ஓட ஆரம்பித்தது.

நான் ஓடிப்போய்க் கையிலிருந்து வீசினேன்.

விமானம் மூக்கை உயர்த்தியது. இன்னும் உயர்த்தியது. நல்லபாம்பு படம் எடுப்பது போல நட்டுக்குத்தலாக நின்றது. அப்புறம் வால் வழியாகவே கீழே வந்து கரிசல் மண்ணில் விழுந்தது. ஒரு ஆமென் சொல்லும் நேரம்தான்.

சிறகு தப்பியது. உடம்பு சுள்ளி சுள்ளியாகிவிட்டது. பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு அவரே சொன்னார்:

"சரி. வால் கனந்தான்."

மிச்சம் இருந்த பால்சா முழுவதையும் போட்டு உடம்பை மறுபடி செய்தார். மூக்கில் ஈயம் உருக்கி வைத்தார். இந்தத் தடவை விரல் வைத்துத் தூக்கிப் பார்த்தது நான். மூக்கு ஒரு நூல் கீழே. அதன்பின் வீட்டில் ஒரு துண்டு பால்சா இல்லை. ஈஸ்டருக்கு எட்டு நாள் இருந்தது. அந்தச் சனிக்கிழமை காலையில்தான் சண்முகத்தக்கா திருநீறு கொண்டு வந்தாள்.

கையை எடுங்க

யாருக்கும் சொல்லாமல் போவதாகத்தான் ஏற்பாடு. தெருவில் நின்று அரைமணி நேரம் 'ஆடுது, ஆடுது' என்று கத்திய பிறகு அது நடக்குமா? மொபெட்டுக்குப் பின்னால் ஏழெட்டு சைக்கிள் வந்தது. அதற்கும் பின்னால் ஸ்கூட்டரில் தறி முதலாளி முத்தையா அண்ணாச்சி, தலையில் துண்டோடு.

"ஏ ஜெயராசு, மதுரைக்கு ஒரு டிக்கெட் குடும் வே!"

இவர் காதில் வாங்காதவர் போலப் பெட்டியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அந்த எஞ்சினில் ஒரு குணம் உண்டு. கிளப்பிவிட்டால் எண்ணெய் தீரும் வரை ஓடும். நடுவில் நிறுத்த வழி கிடையாது. ஆகவே மேலே போனால் ஆறேழு நிமிஷம் மேலேயேதான் இருந்தாக வேண்டும்.

வீசினேன். இந்தத் தடவை மூக்கை உயர்த்தவில்லை. நேராகப் போய், லேசாக அசைந்து, அப்படியே ஏறியது. உடைமர உயரம், பனை உயரம், அதற்கும் மேலே. சூரியன் சிறகுக்குள் புகுந்து என் வயலட் பூக்கள் தெரிந்தன. திரும்பிப் பார்த்தேன். முத்தையா அண்ணாச்சி துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து நின்றார்.

விமானம் மேற்கே சிவகிரி மலைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. இவர் திருப்பினார். நன்றாகவே திரும்பியது. இப்போது எங்களைப் பார்த்து வர ஆரம்பித்தது.

அங்கேதான் வினை. போகும்போது அதற்கு வலது நமக்கும் வலது. நம்மைப் பார்த்து வரும்போது அதற்கு வலது நமக்கு இடது. இவர் இடது பக்கம் போகட்டும் என்று இடது பக்கம் தள்ளினார். அது வலது பக்கம் சாய்ந்தது. பதறி இன்னும் தள்ளினார். இன்னும் சாய்ந்தது. ஒரு சிறகு கீழே பார்த்தபடி, உடைமரங்கள் அடர்ந்த உடங்காட்டு முள்ளுக்கு மேல் சரிந்து இறங்கத் தொடங்கியது.

"ஏட்டி, எங்கிட்டுத் திருப்பணும்?" அவர் குரல் அழுகிற குரலாக இருந்தது.

"கைய எடுங்க! ரெண்டு கையையும் எடுங்க!"

எடுத்தார். சிறகின் இரண்டு நுனியும் சற்று மேல்நோக்கி வளைத்துச் செய்த விமானம் அது. தொந்தரவு செய்யாமல் விட்டால் தானே நிமிர்ந்துவிடும். நிமிர்ந்தது. ஆனாலும் தாழ்வாக, நேராக எங்களைப் பார்த்தே வந்துகொண்டிருந்தது.

"இந்தா, நீ பிடி!"

பிடித்தேன். பெட்டி மட்டும் வரவில்லை, அவர் தலையும் சேர்ந்து வந்தது. கழுத்துப் பட்டையைக் கழற்ற மறந்துவிட்டார். கழற்ற நேரமும் இல்லை. நான் குள்ளம். அவர் என் தோளுக்கு மேல் குனிந்து தொங்க, நான் குச்சியை மெல்லப் பின்னால் இழுத்தேன். மூக்கு ஏறியது. ஒரு துளி வலது. எங்கள் தலைக்கு மேலே காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. எல்லோரும் குனிந்தார்கள். எனக்கு மட்டும் பயமே வரவில்லை. அது எந்தப் பக்கம் பார்த்து வந்தாலும் எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று என் கைக்குத் தெரிந்திருந்தது.

"பாருங்கலே, டீச்சர் அண்ணாச்சிய மூக்கணாங்கயிறு போட்டுப் பிடிச்சிருக்காவ!" முத்தையா அண்ணாச்சிக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. குளமே சிரித்தது.

"லேசா இழு, லேசா" என்றார் இவர் என் காதருகில்.

"பேசாம இருங்க."

ஐந்து வட்டம் போட்டேன். எஞ்சின் இருமி நின்றது. திடீரென்று அத்தனை அமைதி. காற்றில் சேலை சரசரக்கும் சத்தம்கூடக் கேட்டது. மெல்ல இறக்கிக்கொண்டு வந்தேன். தரையைத் தொட்டு நாலடி ஓடி, கரிசல் வெடிப்பில் சக்கரம் மாட்டிக் குப்புற விழுந்தது. விசிறி மட்டும் ஒடிந்தது. டேனியல் தந்த பெட்டியிலேயே இன்னொரு விசிறி இருந்தது.

எல்லோரும் கை தட்டினார்கள். இவர் கழுத்தைத் தடவிக்கொண்டே போய் விமானத்தை எடுத்து, அழுக்கைத் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

உப்பு

இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்று வார்த்தைகளைத் தவிர: உப்பு, மோர், போதும்.

கடையில் தறிக்காரர்கள் விடவில்லை. "அண்ணாச்சி, கடையவும் இனி டீச்சரே பாத்துக்கிடுவாவளா?" என்று கேட்டார்களாம். ஊருக்கு அது வேடிக்கை. எனக்கு உறுத்தியது. மூன்று மாதம் குனிந்து குனிந்து ஒட்டியது அவர். நான் ஒரு சேலையைத்தான் கொடுத்தேன். அந்தச் சேலைக்காக அவருடைய ஆசையையே பிடுங்கிக்கொண்டேனோ?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு மறுபடி ஓட்ட வேண்டும் போல இருந்தது. நோட்டுத் திருத்தும்போது பெருவிரல் தானாக அசைந்தது. மேலே அதைத் திருப்பிய அந்த நிமிஷம் என் பெயர், என் வீடு எல்லாம் எனக்கு மறந்துபோயிருந்தது. அப்படி ஒன்று எனக்கு அதற்கு முன் நடந்ததில்லை. அதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் அவரே வந்து நின்றார்.

"உனக்கு எப்பிடித் தெரிஞ்சிது?"

"எது?"

"எங்கிட்டுத் திருப்பணும்னு."

கூடத்தின் நடுவில் அவரை எனக்கு எதிரே நிற்க வைத்தேன். "நான் செய்யுத மாதிரியே செய்யுங்க. வலது கை மேலே" என்று சொல்லி, என் இடது கையைத் தூக்கினேன். பத்து வருஷமாக மூன்றாம் வகுப்புக்கு அப்படித்தான் அபிநயப் பாட்டு சொல்லித் தருகிறேன். நான் வலது கையைத் தூக்கினால் எதிரே நிற்கிற பிள்ளைகள் அத்தனையும் இடது கையைத் தூக்கும். அதனால் எனக்கு எல்லாமே மாற்றித்தான் பழக்கம்.

"பிள்ளை நிக்கிற இடத்துல நானே போய் நிக்கணும். அதே மாதிரி அந்த ஏரோப்ளேனுக்குள்ள போய் உக்காந்துக்கிடுதேன். வேற ஒண்ணும் இல்ல."

நான் பிள்ளையாக நிற்க, அவர் டீச்சராக முயன்று பார்த்தார். வலது கை, இடது கால், வலது பக்கம் திரும்பு. மூன்று தடவை செய்தார், மூன்று தடவையும் தப்பு. கடைசியில் இரண்டு கையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு நின்றவர் சிரிக்க ஆரம்பித்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த சண்முகத்தக்கா, "நெசமாவே ஆடுதே" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

ஈஸ்டர் திங்கள்

டேனியல் வந்தான். கூட வந்த இரண்டு பேரும் நல்ல உயரம், தமிழ் தெரியாது. குளத்தில் மூவரும் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இவர் எஞ்சினைக் கிளப்பவில்லை. பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

"டேனியலு, நான் எழுதுனது பொய். அன்னைக்கு இது கட்டிலுக்கு அடியில கிடந்துது."

"தெரியும்ணே" என்றான் அவன். "மொத தடவையே காலடியில வந்து இறங்கிட்டுன்னு எழுதுனா யாரு நம்புவா? அதைப் பாக்கத்தான் வந்தேன்."

"பறந்தது நெசம். ஆனா ஓட்டுனது உன் மதினி. எனக்கு வராது. அவளுக்கு வருது."

சொல்லிவிட்டுப் பெட்டியை என் கழுத்தில் மாட்டினார். கைக்குச் சரியாக வயிற்றின் மேல் வந்து உட்கார்ந்தது. பட்டையை என் உயரத்துக்கு வெட்டி, கடையில் தோல்வார் தைக்கிற ஊசியால் புதிதாகத் தைத்திருந்தார். எப்போது செய்தார் என்று எனக்குத் தெரியாது. வெட்டிய பிறகு இனி அது அவர் கழுத்துக்குச் சேராது. எனக்கு ஒரு நிமிஷம் கண் கலங்கிவிட்டது. கண் கலங்கினால் விமானம் தெரியாது என்று துடைத்துக்கொண்டேன்.

விசிறியைச் சுண்டியது அவர். வீசியதும் அவர். நான் மேலே ஏற்றி, மலைப் பக்கம் அனுப்பி, திருப்பி, எங்களைப் பார்த்து வர விட்டேன். அவர் என் பின்னால் வந்து நின்றார். விளக்கெண்ணெய் வாசம் அடித்தது.

மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"எஸ்தரு, அங்கன இருந்து பாத்தா என்ன தெரியுது?"

நான் கண்ணை எடுக்கவில்லை.

"உடங்காடு தெரியுது. அதுக்கு அங்கிட்டு ரோடு தெரியுது. கீழே ஒரு ஆளு சட்டை பூரா எண்ணெயோட நிக்காவ. ரொம்பச் சின்னதாத் தெரியுதாவ."

"கை காட்டட்டுமா?"

"காட்டுங்க" என்றேன்.

காட்டினார்.